சொந்த ஆட்டக்காரரைப் பற்றிப் பாடினால் அது இனவெறியா? – நேயர் கேள்விக்கு விளக்கம்

கேள்வியை அப்படியே படித்துவிடுகிறேன். "ஐயா, எதிரணிக்காரரைப் பார்த்துக் குரங்குச் சத்தம் எழுப்பினால் அது இனவெறி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மான்செஸ்டர் யுனைடெட் ரசிகர்கள் தங்கள் சொந்த வீரர் பார்க் ஜி சுங்கைக் கொண்டாடிப் பாடியதை எப்படி அந்தக் கணக்கில் சேர்க்கிறீர்கள்? பாசத்தில் செய்த கேலிதானே? அவரே சிரித்துக்கொண்டுதானே இருந்தார்?"

நல்ல கேள்வி. படித்ததும் கொஞ்சம் கோபமும் வந்தது, மறைப்பானேன். கேட்ட தம்பியின் மேல் இல்லை, அந்தக் கடைசி வாக்கியத்தின் மேல்.

பார்க், இங்கிலாந்தின் மான்செஸ்டர் யுனைடெட் கால்பந்து அணிக்கு ஆடிய தென்கொரியர். லிவர்பூல் அந்த அணியின் பரம எதிரி. பாட்டு தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். பார்க், நீ எங்கே இருந்தாலும் சரி, உன் நாட்டில் நாய் தின்கிறீர்கள். ஆனாலும் பரவாயில்லை, நீ லிவர்பூல்காரனாகப் பிறந்து, அரசு கட்டிக்கொடுத்த வீட்டில் எலி தின்றுகொண்டிருக்கவில்லையே. அவ்வளவுதான் பாட்டு. கொரியாக்காரருக்கு ஒரு அடி, லிவர்பூல் ஏழைக்கு ஒரு அடி. மான்செஸ்டரில் அப்படிப்பட்ட வீடுகளே இல்லையா என்ன?

நம் பழைய நேயர்களுக்கு நான் அடுத்து என்ன கேட்கப்போகிறேன் என்று தெரியும். பாட்டில் பந்து எங்கே? வீரர்கள் கிளப் மாறுவது பற்றிய போஸ்மன் தீர்ப்பைப் பற்றிப் பேசியபோதுகூட இதையேதான் கேட்டேன் என்று சிலர் அலுத்துக்கொண்டார்கள். அலுத்தாலும் மறுபடி கேட்பேன். பார்க் யார்? 2005-இல் நெதர்லாந்தின் ஐந்தோவன் கிளப்பிலிருந்து வந்து ஏழு பருவம் ஆடியவர். மூன்று நுரையீரல் உள்ளவர் என்று பெயர் வாங்கியவர். 2010 மார்ச்சில் இத்தாலியின் ஏ.சி. மிலான் வந்தபோது அந்த அணியின் பிர்லோவை நிழல் மாதிரி ஒட்டிக்கொண்டு ஆடச் சொன்னார் யுனைடெட் மேலாளர் ஃபெர்குசன். பந்தை வைத்துக்கொண்டு நிதானமாக யோசித்து ஆடுகிற மனிதர் பிர்லோ. அன்று அவரை யோசிக்கவே விடவில்லை பார்க். போதாததற்கு ஒரு கோலும் போட்டார், ஆட்டம் 4-0. அந்த மிலான் ஆட்டத்தைப் பற்றித் தனியாகவே ஒரு நாள் பேசலாம், இப்போது வேண்டாம், போய்க்கொண்டே இருப்பேன்.

அதே மாதம் லிவர்பூலுக்கு எதிரான ஆட்டத்தில் பாய்ந்து தலையால் முட்டி வெற்றிக் கோலைப் போட்டவரும் இவர்தான். லிவர்பூலைச் சீண்டத்தான் பாட்டு என்றால், சீண்டுவதற்கு இதைவிட என்ன வேண்டும்? அது பாட்டில் இல்லை. நாய் இருக்கிறது, எலி இருக்கிறது, பந்து இல்லை.

2017-இல் பெல்ஜியத்தின் கறுப்பின வீரர் லுகாகு யுனைடெட்டுக்கு வந்தார். வந்த வேகத்தில் கோல் மேல் கோல். அவருக்கும் ஒரு பாட்டுக் கட்டினார்கள், அவருடைய ஆணுறுப்பின் அளவைப் பற்றி. கறுப்பின ஆண்களைப் பற்றி வெள்ளைக்காரர்கள் பல தலைமுறையாகச் சொல்லிவருகிற அதே கதை, ராகம் போட்டு வந்தது. கால்பந்தில் பாகுபாட்டை எதிர்க்கும் 'கிக் இட் அவுட்' அமைப்பு இது இனப் பாகுபாடு என்றது. லுகாகு எவ்வளவு நாகரிகமாகச் சொன்னார் தெரியுமா? ரசிகர்கள் நல்லெண்ணத்தில்தான் பாடுகிறார்கள், ஆனாலும் இதை விட்டுவிட்டு மேலே போவோம் என்றார். கிளப்பும் நிறுத்தச் சொன்னது. அடுத்து சவுத்தாம்ப்டனில் ஒரு கூட்டம் மறுபடி பாடியது. கூடவே, நாங்கள் மான்செஸ்டர் யுனைடெட், எங்களுக்குப் பிடித்ததைப் பாடுவோம் என்று இன்னொரு கோஷம். அதைக் கேட்ட பிறகு அவருக்காகத்தான் பாடினோம் என்று யாராவது சொன்னால் நம்புவீர்களா?

இந்த லுகாகுவின் தலையெழுத்தைப் பாருங்கள். 2019-இல் இத்தாலியின் இன்டர் மிலானுக்குப் போனார். காலியாரியில் பெனால்டி அடிக்கப் போனபோது எதிரணி ரசிகர்கள் குரங்குச் சத்தம் எழுப்பினார்கள். அவருடைய சொந்த அணியின் தீவிர ரசிகர் குழு ஒன்று கடிதம் எழுதியது. யாரைக் கண்டித்து? யாரையும் இல்லை, அவருக்கே புத்திமதி! இத்தாலியில் இது இனவெறி அல்ல, எதிரணியைப் பதற்றப்பட வைக்கும் உத்தி, நீங்கள் தவறாக எடுத்துக்கொண்டீர்கள் என்று. தம்பி, "பாசத்தில் செய்த கேலி" என்பதும் இந்தக் கடிதமும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். இரண்டிலும் வலித்தவர்தான் விளக்கம் கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது என்று இன்னொருவர் கேட்டிருந்தார். இங்கிலாந்தில் 1991 முதல் மைதானத்தில் இனரீதியான கோஷம் குற்றம். ஓல்டம் ஊரில் பாகிஸ்தானியர் நிறைந்திருப்பதை வசைச்சொல்லால் குத்திக்காட்டிப் பாடிய வழக்கில் கீழ் நீதிமன்றம் குற்றமில்லை என்றது. 2003-இல் உயர் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. இதற்கு மேல் சட்டத்துக்குள் நான் போகவில்லை.

நீங்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி வேறு. பார்க் ஏன் அத்தனை வருடம் பேசவில்லை? அதைக் கேளுங்கள். ஐந்தோவனில் தொடக்கத்தில் சொந்த ரசிகர்களே கூச்சலிட்டு அவமதித்த மனிதர் அவர். அப்படிப்பட்டவருக்கு ஒரு பெரிய கிளப்பின் ரசிகர்கள் தன் பெயரில் பாட்டுக் கட்டினால் எப்படி இருக்கும்? பெருமையாக இருந்தது என்று அவரே 2021 அக்டோபரில், கிளப்பின் ஒலிபரப்பிலேயே சொன்னார். நாய்க்கறி வரி உறுத்தியது. புது நாட்டில் இதையும் தாங்கிக்கொள்ளத்தான் வேண்டும் போலிருக்கிறது என்று எண்ணிக்கொண்டாராம். அந்தச் சிரிப்பைத்தான் நீங்கள் சம்மதம் என்கிறீர்கள்.

பிறகு ஏன் பேசினார்? 2021 ஆகஸ்டில் இங்கிலாந்தின் வுல்வ்ஸ் அணி ஹ்வாங் ஹீ சான் என்ற இளம் கொரிய வீரரைச் சேர்த்தது. யுனைடெட் அங்கே ஆடப் போன அன்று அவரை ரசிகர்களுக்கு அறிமுகம் செய்தார்கள். உடனே யுனைடெட் ரசிகர்கள் பக்கத்திலிருந்து அதே பாட்டு! பார்க் யுனைடெட்டை விட்டுப் போய் ஒன்பது வருடம் ஆகியிருந்தது. ஹ்வாங் யுனைடெட்டுக்கு ஒரு நிமிடம்கூட ஆடியவர் இல்லை. அப்படியானால் அது பார்க்கின் பாட்டா, கொரிய முகத்தின் பாட்டா? தன்னோடு போகட்டும் என்று பொறுத்தது அடுத்த தலைமுறையின் தலையிலும் விடிந்ததைப் பார்த்ததும்தான், நிறுத்துங்கள், இது இன அவமதிப்பு என்று வாய்விட்டுச் சொன்னார்.

கொரியாவில் நாய்க்கறி உண்டுதானே, உண்மையைத்தானே பாடினார்கள் என்று ஒருவர் எழுதுவார், தெரியும். இளைய தலைமுறைக்கு அது பிடிப்பதே இல்லை என்று பார்க் சொன்னார். 2024 ஜனவரியில் அந்த நாட்டு நாடாளுமன்றம் அந்த வியாபாரத்தையே தடைசெய்து சட்டம் போட்டது, 2027-இல் நடைமுறைக்கு வருமாறு. சட்டமே வராமல் போயிருந்தாலும் என் பதில் மாறியிருக்காது. பிர்லோவை முடக்கிய மனிதரிடம் போய் அவர் ஊர்ச் சாப்பாட்டைப் பற்றி எதற்குப் பாட வேண்டும்?

சரி, அடுத்த கேள்வி ஆஃப்சைடு பற்றி. அதற்குப் பலகை வேண்டும், எடுத்துக்கொண்டு வருகிறேன்.