துறையைத் தேர்ந்தெடுக்கும் முன் பொருளைத் தொட்டுப் பாருங்கள்

(கவின்கலைப் பட்டப்படிப்பில் சேர விரும்பும் மாணவர்களுக்கு ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அனைவருக்கும் வணக்கம்.

உங்களில் பலர் கொண்டுவந்திருக்கும் கோப்பில் நடிகர் முகமும் தலைவர் முகமும் அச்சு அசலாக இருக்கின்றன. கை நன்றாகவே வருகிறது. ஆனால் அவையெல்லாம் ஒளிப்படத்தைப் பார்த்து வரைந்தவை. உருண்ட முகத்தைத் தட்டையாக்கும் வேலையைக் கேமரா முன்பே முடித்துவிட்டது. கல்லூரியில் உங்கள் முன்னால் இருக்கப்போவது ஓர் ஆள், ஒரு குடம், மடிந்து தொங்கும் துணி. தட்டையாக்கும் வேலையை அங்கே நீங்கள்தான் செய்ய வேண்டும்.

அதற்கு முதலில் பலகையை நிமிர்த்தி வையுங்கள். மேசையில் கிடத்தி வரைந்தால் தாளின் மேல்பகுதி கண்ணுக்குத் தொலைவாகி, குறுகித் தெரியும். அதை ஈடுகட்டக் கை தானாகவே நீட்டி வரையும். தாளைத் தூக்கிப் பிடித்தால் தலையும் தோளும் இழுத்துவிட்டதுபோல் இருக்கும். அளவெடுக்க ஒரு கண்ணை மூடி, பென்சிலைப் பிடித்த கையை முழுக்க நீட்டுங்கள். ஒரு முறை முழங்கை மடங்கினாலும் அதுவரை எடுத்த அளவெல்லாம் வீண். நிற்கும் ஆளின் உயரம் அவருடைய தலையின் நீளத்தைப்போல் ஏறக்குறைய ஏழு, ஏழரை மடங்கு. இதை மனப்பாடம் செய்து வரையாதீர்கள், வரைந்ததைச் சரிபார்க்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

சென்னை அரசு கவின்கலைக் கல்லூரியை 1850இல் தொடங்கியவர் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர். ஓவியர் அல்ல! கைத்தொழிலையும் வரைகலையையும் சேர்த்துக் கற்பிக்க எழுந்த பள்ளி அது. வண்ணக்கலை, சிற்பக்கலையோடு சுடுமண், துகில், பதிப்போவியம், காட்சிவழித் தகவல் வடிவமைப்பு என்று அங்கே துறைகள் விரிந்திருப்பதில் அந்தப் பழைய வாசனை இருக்கிறது. சென்னையிலும் கும்பகோணத்திலும் உள்ள அரசு கவின்கலைக் கல்லூரிகளில் பி.எஃப்.ஏ. என்னும் கவின்கலை இளங்கலை நான்கு ஆண்டுப் படிப்பு. நான்கு ஆண்டும் வண்ணமோ மண்ணோ உலோகத் தகடோ, ஒரு பொருளோடு குடித்தனம் நடத்த வேண்டும். வேலை கிடைக்குமா என்று கேட்டுத் துறையைத் தேர்ந்தெடுக்கிறார்கள். கேட்க வேண்டியதுதான். ஆனால் எந்தப் பொருளின் தாமதத்தைத் தாங்கிக்கொள்ள முடியும் என்பதையும் கேளுங்கள்.

எண்ணெய் வண்ணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அது தண்ணீர் வண்ணம்போல் ஆவியாகி உலர்வதில்லை. ஆளி விதை எண்ணெய் காற்றிலுள்ள ஆக்சிஜனை ஏற்று இறுகுகிறது. அதனால் அடிப்பூச்சில் எண்ணெய் குறைவாகவும், மேலே போகப்போகக் கூடுதலாகவும் இருக்க வேண்டும். மாற்றிச் செய்தால் மேல்பூச்சு முதலில் இறுகிவிடும், அடியில் இருப்பது இன்னும் அசைந்துகொண்டிருக்கும், படத்தில் விரிசல் விழும். அம்பர் பழுப்பு சீக்கிரம் உலரும், ஐவரி கறுப்பு இழுத்தடிக்கும். ஆகவே கறுப்பை அடியில் கனமாகப் பூசாதீர்கள். கித்தானுக்கு, அதாவது ஓவியத் துணிக்கு, முதலில் பசைப்பூச்சும் பிரைமர் என்ற அடிப்பூச்சும் கொடுக்காமல் எண்ணெயை நேரே ஏற்றினால் இழை நாளடைவில் மக்கிப்போகும். இன்னொன்று, ஆபத்தானது: எண்ணெய் துடைத்த துணிகளைச் சுருட்டி மூலையில் போட்டால் அவை தாமே சூடேறித் தீப்பிடிக்கக்கூடும். விரித்து உலர்த்துங்கள், அல்லது தண்ணீரில் அமுக்கி வையுங்கள்.

பதிப்போவியத்தைப் பலர் கடைசி விருப்பமாக எழுதுகிறார்கள். என் கணிப்பில் ஒழுங்கைக் கற்றுத்தர அதைவிடச் சிறந்த துறை இல்லை. தகட்டில் மெழுகு பூசி, அதில் ஊசியால் கீறி, கீறிய இடத்தை அமிலத்தால் அரித்து, அந்தப் பள்ளத்தில் மை நிரப்பித் தாளில் அச்செடுப்பது இதில் ஒரு முறை. அதற்குத் துத்தநாகத் தகட்டின் நான்கு ஓரத்தையும் அரத்தால் சாய்வாக ராவ வேண்டும். ராவாவிட்டால் அச்சுப்பொறியின் அழுத்தத்தில் அந்த விளிம்பு தாளையும் மேலே போர்த்திய கம்பளியையும் அறுத்துவிடும். பிறகு தகட்டில் எண்ணெய்ப் பிசுக்கு துளியும் இல்லாமல் துடைக்க வேண்டும். பிசுக்கு இருந்த இடத்தில் மெழுகுப்பூச்சு ஒட்டாது, அமிலம் உள்ளே புகுந்து நீங்கள் கீறாத இடத்தையும் அரிக்கும். நீர்த்த நைட்ரிக் அமிலத்தில் தகட்டை இட்டதும் கீறல்மேல் குமிழ்கள் வரும். இறகால் மெல்லத் தள்ளிக்கொண்டே இருங்கள். குமிழ் உட்கார்ந்த இடத்தில் அரிப்பு தடைப்பட்டுக் கோடு பிசிறும். நீர்க்கச் செய்யும்போது தண்ணீரில்தான் அமிலத்தை ஊற்ற வேண்டும். அமிலத்தில் தண்ணீரை ஊற்றினால் கொதித்து முகத்தில் தெறிக்கும். காற்றோட்டம் இல்லாத அறையில் இந்த வேலையே வேண்டாம். எல்லாம் முடிந்து தாளை உரித்தால் படம் இடவலம் மாறியிருக்கும். எழுத்து உள்ள படமென்றால் தொடக்கத்திலேயே திருப்பிக் கீறியிருக்க வேண்டும்.

மெரினாவில் நிற்கும் உழைப்பாளர் சிலையைச் செய்தவர் சென்னைக் கல்லூரியில் 1957 வரை முதல்வராக இருந்த தேவி பிரசாத் ராய் சௌத்ரி. அதைப் பார்த்துவிட்டுச் சிற்பத்துறைக்கு வருகிறவர்கள் உண்டு. மகிழ்ச்சி. ஆனால் முதலில் உங்கள் கைக்கு வருவது வெண்கலம் அல்ல, களிமண். உள்ளே கம்பிச்சட்டம் உறுதியாக இல்லையென்றால் ஒரே இரவில் தலை சரிந்துவிடும். சட்டத்தில் சிறு மரக்குச்சிகளைக் குறுக்காகக் கட்டித் தொங்கவிட்டால் அவை மண்ணைத் தாங்கும். தினமும் ஈரத்துணி போர்த்தி, மேலே பிளாஸ்டிக் தாளைச் சுற்றிவிட்டுத்தான் வீட்டுக்குப் போக வேண்டும். களிமண் உருவத்துக்கு அச்செடுக்கும்போது பாரிஸ் சாந்துப் பொடியை (பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ்) தண்ணீரில் தூவுங்கள், பொடிமேல் தண்ணீரை ஊற்றாதீர்கள். பொடி நீர்மட்டத்துக்கு மேலே திட்டாக எழும்பி நின்றால் போதும், கலக்கலாம். முதல் பூச்சில் சிறிது நீலம் சேருங்கள். பிறகு அச்சுக்குள் சாந்தை வார்த்து, சிலையை எடுக்க உளியால் அச்சை உடைக்கும்போது நீலம் தெரிந்தால், அடுத்த அடி சிலைமேல் விழும் என்று பொருள். மீந்த சாந்தைத் தொட்டியில் கொட்டினால் குழாய்க்குள் கல்லாகிவிடும்.

சுடுமண்ணில் கண்டம் ஈரம். வெளியே உலர்ந்ததுபோல் இருக்கும் கனத்த துண்டின் உள்ளே நீர் தங்கியிருந்தால், சூளை 100 டிகிரியைத் தாண்டுகையில் அது நீராவியாகித் துண்டைச் சிதறடிக்கும். உங்களுடையது மட்டுமல்ல, பக்கத்தில் இருப்பவருடையதும் போகும். உருவத்தைக் குடைந்து சுவரைச் சீரான தடிமனில் வையுங்கள். தொடக்கச் சூட்டை மெதுவாக ஏற்றுங்கள்.

இனி இறுதியாண்டுக் காட்சி. தேதி அறிவித்த பிறகு தொடங்கும் எண்ணெய் ஓவியம் அந்தத் தேதிக்குள் உலராது. கனமாகப் பூசியது தொடும் அளவுக்கு இறுகவே வாரக்கணக்கில் ஆகும். வார்னிஷுக்கு ஆறு மாதமாவது விட வேண்டும். வேறு வழியின்றி ஈரப் படத்தைக் கொண்டுபோக நேர்ந்தால், ஒரே அளவுள்ள இரண்டு கித்தான்களை முகம் பார்க்க நிறுத்தி, நான்கு மூலையிலும் கார்க் துண்டு வைத்துக் கட்டுங்கள். கயிற்றை இறுக்கும் முன் நடுவில் விரல் நுழைகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.