லைன்மேனை எடை போடுவது எப்படி?

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

அமெரிக்கக் கால்பந்தில் பந்தை எறிபவர், பிடிப்பவர், தூக்கிக்கொண்டு ஓடுபவர் ஆகியோரின் பெயர்கள் எல்லோருக்கும் தெரியும். அவர்களுக்கு முன்னால் ஐந்து பேர் வரிசையாக நிற்கிறார்கள்: நடுவில் சென்டர், அவருக்கு இருபுறமும் இரண்டு கார்டுகள், இரு கோடிகளிலும் டேக்கிள்கள். இவர்கள்தான் ஆஃபென்சிவ் லைன்மேன்கள். சென்டர் ஆட்டத்தைத் தொடங்கப் பந்தைப் பின்னால் கொடுக்கிறார். மற்ற நால்வரின் கையிலும் பந்து படுவதே அபூர்வம். கல்லூரியில் ஆடும் இப்படிப்பட்ட ஒருவர் தொழில்முறைப் போட்டித் தொடரான என்.எஃப்.எல்.லில் நிலைப்பாரா என்று முன்கூட்டியே கணிப்பதைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

பந்தை எறிபவரான குவார்ட்டர்பேக் எத்தனை யார்டு எறிந்தார் என்று புள்ளிவிவரம் சொல்லிவிடும். லைன்மேனுக்கு அப்படி எதுவும் இல்லை. ‘இவர் இத்தனை சாக் விட்டுக்கொடுத்தார்’ என்று ஒரு கணக்கு வரும். குவார்ட்டர்பேக் பந்தை எறிவதற்கு முன்பே எதிரணி அவரை வீழ்த்துவதுதான் சாக். அதையும் அப்படியே நம்ப முடியாது. குவார்ட்டர்பேக் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு நான்கு நொடி நின்றால் எந்த டேக்கிளாலும் தாக்குப்பிடிக்க முடியாது. பக்கத்தில் நிற்கும் கார்டு தன் ஆளைக் கோட்டைவிட்டிருந்தாலும் பழி இவர் தலையில் விழும். ஆனால் பணயமோ பெரியது. கல்லூரி வீரர்களை அணிகள் முறைவைத்துச் சுற்றுச் சுற்றாக எடுக்கும் டிராஃப்டில் தேர்வானவரின் முதல் ஒப்பந்தம் நான்கு ஆண்டுகளுக்கு. அதற்குள் அவர் தேறாவிட்டால் குவார்ட்டர்பேக்கின் முதுகுக்குக் காவல் இல்லை.

அதனால்தான் அளவுகோலின் மேல் இவ்வளவு மோகம். ஆண்டுதோறும் இண்டியானாபொலிஸில் நடக்கும் கம்பைன் என்ற சோதனை முகாமில் வீரர்களின் உயரம், எடை, கையின் நீளம், உள்ளங்கையின் அகலம் எல்லாவற்றையும் அளக்கிறார்கள். 40 யார்டு ஓடவிடுகிறார்கள். மல்லாந்து படுத்து 225 பவுண்டு எடையை எத்தனை முறை தூக்குகிறார் என்று எண்ணுகிறார்கள். 2018இல் ஓக்லஹோமா பல்கலைக்கழகத்தின் ஒர்லாண்டோ பிரவுன் ஜூனியர் அங்கே வந்தார். 6 அடி 8 அங்குல உயரம், மலைபோன்ற உடல். 40 யார்டு ஓட அவருக்கு 5.85 நொடி பிடித்தது. எடையை 14 முறைதான் தூக்கினார். முதல் சுற்றில் போவார் என்று பேசப்பட்டவர் மூன்றாம் சுற்றுக்கு, 83ஆவது இடத்துக்குச் சரிந்தார். அவரை எடுத்தது அவருடைய தந்தை ஆடிய அதே பால்டிமோர் ரேவன்ஸ்.

பின்னர் அவர் பருவத்தின் சிறந்த வீரர்களுக்கான ப்ரோ பௌலுக்கு நான்கு முறை தேர்வானார். 2023 பிப்ரவரியில் நடந்த சூப்பர் பௌல் என்ற இறுதிப் போட்டியில் கேன்சஸ் சிட்டியின் இடப்புற டேக்கிளாக நின்றார். எதிரில் அந்தப் பருவத்தில் 70 சாக் எடுத்திருந்த ஃபிலடெல்ஃபியா. அன்று அவர்களுக்கு ஒரு சாக்கூடக் கிடைக்கவில்லை. மைதானம் வழுக்கியது, பாய்ந்து வருபவர்களால் காலை ஊன்ற முடியவில்லை என்பதும் உண்மைதான். ஆனாலும் 5.85 நொடி என்ற எண் சொல்லாத ஏதோ ஒன்று பிரவுனிடம் இருந்தது. எண்கள் பொய் என்று நான் சொல்லவில்லை. மோசமான எண் வந்தால், ஆட்டப்பதிவை மறுபடி போட்டுப் பார் என்பதற்கான அறிவிப்பாக அதை எடுத்துக்கொள்ள வேண்டும். தீர்ப்பு பதிவில்தான் இருக்கிறது.

பதிவில் எதைப் பார்ப்பது? நான் முதலில் பார்ப்பது கால்களை. இடப்புற டேக்கிளை எடுத்துக்கொள்வோம். பந்து நகர்ந்ததும் அவருடைய இடக்கால் சாய்வாகப் பின்னோக்கிப் போகிறது, வலக்கால் தரையை ஒட்டியே அதைத் தொடர்கிறது. இரண்டு பாதங்களும் ஒன்றோடொன்று முட்டவே கூடாது. முட்டிய கணத்தில் அவர் ஒற்றைக் கம்பம்போல் நிற்கிறார், தள்ளினால் சாய்வார். அடுத்தது கைகள். எதிராளியின் மார்புக்குள் யார் கை முதலில் போய்ச் சேருகிறது? சீக்கிரமே கையை நீட்டிவிட்டால் எதிராளி அதைத் தட்டிவிட்டு வளைந்து போய்விடுவார். தாமதித்தால் நெஞ்சில் அடி விழும்.

இவ்வளவையும் சரியாகச் செய்பவர்கள் கல்லூரிகளில் நிறையவே இருக்கிறார்கள். நான் காத்திருப்பது அவர் தோற்கும் கணத்துக்காக. எதிராளியின் இரு கைகளும் நெஞ்சில் பதிந்துவிட்டன, குதிகால் மேலெழும்புகிறது, உடல் பின்னே போகிறது. இப்போது என்ன செய்கிறார்? தேர்ந்தவர் பதறுவதில்லை. சின்னதாக ஒரு தத்தல் பின்னே போட்டு, இடுப்பைத் தாழ்த்தி, இரண்டு பாதங்களையும் மறுபடி தரையில் பதிக்கிறார். எதிராளியின் வேகம் அங்கேயே செத்துப்போகிறது. தேராதவர் இடுப்பில் வளைந்து தலையைக் குனிகிறார், அல்லது சட்டையைப் பிடித்து இழுத்து அபராதம் வாங்கித் தருகிறார். கல்லூரியில் பெரும்பாலான எதிராளிகளைவிட இவர் பலசாலி, அதனால் தோற்பதே அபூர்வம். என்.எஃப்.எல்.லில் ஒவ்வொரு ஞாயிறும் தோற்கும் கணங்கள் வரும். அவற்றிலிருந்து மீளும் கலைதான் அங்கே பிழைப்பு.

1989இல் கிரீன் பே இரண்டாவது இடத்தில் எடுத்த டோனி மாண்டரிச்சின் கதை எல்லோரும் அறிந்தது. அந்த ஆண்டின் முதல் ஐந்து பேரில் மற்ற நால்வரும் தலைசிறந்த வீரர்களுக்கான ஹால் ஆஃப் ஃபேமுக்குப் போனார்கள், அவர் ஒருவர் போகவில்லை. கல்லூரியில் ஊக்கமருந்து எடுத்ததைப் பின்னர் அவரே ஒப்புக்கொண்டார். மருந்தோடு இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்: அவருடைய கல்லூரியான மிச்சிகன் ஸ்டேட், பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடும் ஆட்டத்தை நம்பிய அணி. முன்னேறி மோதித் தள்ளுவது அங்கே அவருக்குப் பழக்கம். பின்வாங்கிக்கொண்டே காப்பது வேறு வேலை.

இன்றைய சிக்கல் வேறு மாதிரியானது. பல கல்லூரி அணிகள் பந்தை வாங்கிய வேகத்தில் எறிந்துவிடுகின்றன. ஓர் ஆட்டத்தின் பதிவு முழுக்க ஓடி முடிந்தாலும், டேக்கிள் தனியாக நின்று மூன்று நொடி காத்த தருணங்கள் கைவிரல்களில் அடங்கிவிடும். அணிக்காக வீரர்களை எடைபோடும் ஸ்கவுட்டின் உழைப்பு அவற்றைப் பொறுக்கி எடுப்பதில்தான் இருக்கிறது. நார்த்வெஸ்டர்னின் ரஷான் ஸ்லேட்டர் 2020 பருவத்தில் ஆடவே இல்லை. அணிகள் திரும்பத் திரும்பப் பார்த்தது 2019இல் ஒஹாயோ ஸ்டேட்டின் சேஸ் யங்குக்கு எதிரே அவர் நின்ற ஆட்டத்தை. யங் அடுத்த ஆண்டு டிராஃப்டில் இரண்டாவதாகப் போனவர். ஸ்லேட்டருக்குக் கை நீளம் 33 அங்குலம்தான் என்ற முணுமுணுப்பு இருந்தும், 2021இல் சார்ஜர்ஸ் 13ஆவதாக எடுத்தது. முதல் ஆண்டிலேயே ப்ரோ பௌலுக்குப் போனார்.

பதிவை எவ்வளவு பார்த்தாலும் பிசகும் என்பதையும் சொல்லியாக வேண்டும். 2013இல் முதல் நான்கு இடங்களில் மூன்று டேக்கிள்கள் போனார்கள். இரண்டாவதாகப் போன லூக் ஜோகல் முதல் பருவத்திலேயே கணுக்காலை முறித்துக்கொண்டார், ஐந்தாம் ஆண்டோடு அவருடைய ஆட்டம் முடிந்தது. நான்காவதாகப் போன லேன் ஜான்சன், ஜூனியர் கல்லூரி எனப்படும் இரண்டாண்டுக் கல்லூரியில் குவார்ட்டர்பேக்காக இருந்து இடம் மாறி மாறி டேக்கிள் ஆனவர். இரண்டு சூப்பர் பௌல் வென்றார். கொலராடோவின் டேவிட் பக்தியாரி நான்காம் சுற்றில், 109ஆவதாகத்தான் போனார். அவர் அந்தந்தப் பருவத்தின் தலைசிறந்தவர்களைப் பட்டியலிடும் முதல் ஆல்-ப்ரோ அணியில் இரண்டு முறை இடம்பெற்றார்.

கை நீளத்துக்கு வருகிறேன். டேக்கிளுக்கு 34 அங்குலம் வேண்டும் என்பார்கள். எதிராளியை எட்டத்திலேயே நிறுத்த நீண்ட கை உதவுகிறது, மறுப்பதற்கில்லை. ஆனால் கிளீவ்லாந்தின் ஜோ தாமஸ் 34 அங்குலம் இல்லாத கையோடு 10,363 ஸ்னாப்களை, அதாவது பந்து பின்னால் கொடுக்கப்பட்டுத் தொடங்கும் ஆட்ட நகர்வுகளை, ஒன்றுகூட விடாமல் தொடர்ச்சியாக ஆடி ஹால் ஆஃப் ஃபேமுக்குப் போனார். நோட்டர் டேமின் ஜாக் மார்ட்டின் இன்னொரு விதம். கல்லூரியில் இடப்புற டேக்கிள், கை நீளம் 33 அங்குலத்துக்கும் சற்றுக் குறைவு. 2014இல் டல்லாஸ் கௌபாய்ஸ் அவரை 16ஆவதாக எடுத்துக் கோடியில் நிறுத்தாமல் உள்ளே கார்டாக நிறுத்தியது. உள்ளே எதிராளி வளைந்து ஓட இடமில்லை. கையின் நீளத்தைவிடக் காலின் ஒழுங்கும் தாழ்ந்த இடுப்பும் அங்கே பேசும், அவை மார்ட்டினிடம் நிறைய இருந்தன. அந்தப் பருவத்திலேயே அவர் முதல் ஆல்-ப்ரோ அணியில் இடம்பிடித்தார்.