கூடாரத்தில் சேர்ந்தவர்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

1830களில் இங்கிலாந்தின் லங்காஷயர் பக்கம் பஞ்சாலையில் வேலை பார்க்கும் ஒருவர் காய்ச்சலில் படுத்துவிட்டால், அன்றோடு கூலி நின்றுவிடும். அதற்காகத் தொழிலாளர்கள் தாங்களே பரஸ்பர உதவிச் சங்கம் வைத்துக்கொண்டார்கள். ஆளுக்குக் கொஞ்சம் சந்தா. படுத்தால் வாரப்படி, செத்தால் அடக்கச் செலவு. பணப் பெட்டிக்குப் பல இடங்களில் மூன்று பூட்டு, மூன்று பேரிடம் சாவி. ஒருவரை நம்பி விடுகிற பேச்சே இல்லை!

சரி, கூட்டம் எங்கே நடக்கும்? பெரும்பாலும் மதுக்கடை மாடியில்தான். கடைக்காரர் அறைக்கு வாடகை கேட்கமாட்டார். பதிலுக்கு, வந்தவர்கள் குடித்தாக வேண்டும். பல சங்கங்களில் அந்தக் குடிச் செலவே சந்தாவில் ஒரு பங்கைத் தின்றுவிட்டது.

இந்தச் சமயத்தில்தான் பிரெஸ்டன் நகரத்தில் பாலாடைக்கட்டி வியாபாரி ஜோசப் லிவ்ஸி, 1832-இல் ஆறு பேரோடு சேர்ந்து, இனி எந்த மதுவையும் தொடுவதில்லை என்று கையெழுத்துப் போட்டார். அதற்கு முன்பிருந்த மதுவிலக்குக்காரர்களில் பலர் சாராயத்தை மட்டும்தான் எதிர்த்தார்கள். பீரை உடம்புக்கு நல்லது என்றே நினைத்தார்கள்.

அப்புறம் பாருங்கள், குடியை விட்டவருக்கு ஒரு சிக்கல். சந்தா கட்ட மதுக்கடை மாடிதான் ஏற வேண்டும். ஏறினால் சபலம், ஏறாவிட்டால் காய்ச்சலுக்குக் காசில்லை. இதற்கு வழியாகத்தான் 1835-இல் சால்ஃபோர்டு நகரத்தில், குடிக்காதவர்களுக்கென்றே ரேகாபியர் சங்கம் என்ற பரஸ்பர உதவிச் சங்கம் பிறந்தது. பைபிளில் எரேமியா புத்தகத்தில் வரும் ரேகாபியர், திராட்சரசம் குடிக்காமல் கூடாரங்களில் வாழ்ந்தவர்கள். அதனால் சங்கக் கிளைக்கும் ‘கூடாரம்’ என்றே பெயர். பெண்களுக்கும் சிறுவர்களுக்கும் தனிக் கூடாரங்கள் உண்டு. மதுவைத் தொடுவதில்லை என்று உறுப்பினர்கள் எடுக்கும் உறுதிமொழியில் இரண்டு விலக்குகள்: மதச் சடங்கும், மருத்துவர் எழுதித் தரும் மருந்தும். இந்த இரண்டாவதைச் சிலர் எப்படிப் பயன்படுத்தியிருப்பார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

எனக்குப் பிடித்த கதை காப்பீட்டுப் பக்கம் இருக்கிறது. குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த ராபர்ட் வார்னர் ஆயுள் காப்பீடு எடுக்கப் போனார். நீங்கள் குடிப்பதில்லை, சீக்கிரம் போய்விடுவீர்கள், பிரீமியம் கூடக் கட்டுங்கள் என்றார்கள்! அவரும் நண்பர்களும் 1840-இல் தாங்களே ஒரு நிறுவனம் தொடங்கிவிட்டார்கள். பின்னால் குடிப்பவர்களையும் சேர்த்துக்கொண்டு, இரு தரப்புக்கும் தனித்தனிக் கணக்கு வைத்தார்கள். ஆண்டுக்கணக்கில் பார்த்ததில், குடிக்காதவர்கள் பிரிவில்தான் சாவு குறைவு. அதெல்லாம் மதுவை விட்டதால் மட்டும் என்று நான் சொல்லமாட்டேன். ஒழுங்காக வேலைக்குப் போய் ஒழுங்காகச் சந்தா கட்டுகிறவர்கள்தானே அந்தப் பக்கம் சேர்ந்திருப்பார்கள்? ஆனாலும், பிரசங்கம் சாதிக்காததைப் பேரேடு சாதித்தது. குடிக்காதவரிடம் கூடுதல் பணம் கேட்க அதற்குப் பிறகு யாருக்கும் வாய் வரவில்லை.

அமெரிக்காவிலும் 1842-இல் நியூயார்க்கில் ‘மதுவிலக்கின் புதல்வர்கள்’ என்று இதே மாதிரி ஒரு சங்கம் தொடங்கியது. ரேகாபியர் ஆஸ்திரேலியா வரை போனார்கள்.

பிரிட்டனில் 1911-ஆம் ஆண்டுச் சட்டம் தொழிலாளர்களுக்குக் கட்டாயக் காப்பீடு கொண்டுவந்தபோது, அதை நடத்தும் பொறுப்பை அரசு இத்தகைய சங்கங்களிடமே கொடுத்தது. 1948 ஜூலை 5 முதல் அரசே வைத்தியத்தையும் நோய்க்காலப் படியையும் நேரடியாக ஏற்றுக்கொண்டது. அதன்பின் காய்ச்சல் காசுக்காக மதுக்கடை மாடியும் ஏற வேண்டியதில்லை, கூடாரத்திலும் சேர வேண்டியதில்லை.

வணக்கம்.