அதே கலர் எதற்கு?

(மகளிர் கல்லூரி ஒன்றின் கைத்தறி நாள் விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

விழாத் தலைவர் அவர்களே, கல்லூரி முதல்வர் அம்மா அவர்களே, நெசவாளர் கூட்டுறவுச் சங்கத் தலைவர் ஐயா அவர்களே, நகராட்சி உறுப்பினர் அவர்களே, எனக்கு முன்னால் பேசி, நான் வைத்திருந்ததில் பாதியைச் சொல்லி முடித்துவிட்ட பேராசிரியர் அவர்களே, மின்விசிறிக்குக் கீழே இடம் பிடித்த பெற்றோர்களே, இடம் கிடைக்காமல் பின்னால் நிற்கும் மாணவிகளே, எல்லோருக்கும் வணக்கம்.

முதல்வர் அம்மாவுக்குத் தனியாக ஒரு நன்றி சொல்ல வேண்டும். "எதிர்பாராத நிறச் சேர்க்கை பற்றிப் பேசுகிறேன்" என்று நான் சொன்னபோது, கைத்தறி நாளுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று அவர் கேட்கவே இல்லை. நகராட்சி உறுப்பினர் இரண்டு காதுகுத்துகளுக்கு நடுவே இங்கே வந்திருக்கிறார். அவருடைய பொறுமைக்கும் நன்றி. எனக்குப் போர்த்திய பொன்னாடைக்கும் நன்றி. கைத்தறி நாளில் பாலியெஸ்டர் பொன்னாடை! அடுத்த ஆண்டு யாருக்காவது போர்த்துவதாக இருந்தால், ஒரு கைத்தறித் துண்டு போதும். வீட்டுக்குப் போனால் முகமாவது துடைக்கலாம்.

சரி. மூன்று விஷயம் பேசப் போகிறேன். ஒன்று, தினமும் உடுத்தும் உடையில் நிறம். இரண்டு, விசேஷத்துக்குப் போகும்போது உடுத்தும் உடையில் நிறம். மூன்று, ஆண்கள். மூன்றாவதற்குத்தான் கைதட்டல் வரும் என்று எனக்குத் தெரியும்.

"கந்தையானாலும் கசக்கிக் கட்டு" என்பது நம் பெரியவர்கள் சொன்னது. என்னோடு பழகியவர்களுக்கு இந்தப் பழமொழி என் வாயில் எத்தனை முறை வரும் என்று தெரியும். கசக்கிக் கட்டு என்றுதான் சொன்னார்களே தவிர, மேட்ச் பண்ணிக் கட்டு என்று எங்கேயாவது சொன்னார்களா? இந்த மேட்சிங் வியாதி நமக்கு எப்போது வந்தது? சேலைக்கு ஏற்ற ரவிக்கை, ரவிக்கைக்கு ஏற்ற வளையல், வளையலுக்கு ஏற்ற பொட்டு. கடைசியில் தலை முதல் கால் வரை ஒரே டப்பாப் பெயின்ட்.

என் பெரியம்மா கதையைச் சொல்கிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பெரியம்மாவிடம் அரக்கு நிறத்தில் ஒரு பட்டுச் சேலை இருந்தது. சன்ன ஜரிகைக் கரை. கொழுந்தனார் மகள் கல்யாணத்துக்கு அதைக் கட்ட முடிவு செய்தார். பழைய ரவிக்கை இறுக்கிப் பிடித்தது. புது ரவிக்கைத் துணி வாங்கக் கும்பகோணம் கடைத்தெருவுக்குக் கிளம்பினார். துணைக்கு நான். முதல் மேட்சிங் சென்டரில் பையன் ஒரு துணியை எடுத்துப் போட்டான். "தம்பி, இது அரக்கு இல்லப்பா, குங்குமம்." அடுத்ததைப் போட்டான். "இதுல கறுப்பு கூட." அதற்கடுத்தது. "இது செங்கல்." அப்புறம் என்ன, பலகை முழுக்கச் சிவப்பு மலை. கடைக்குள் குழல் விளக்கு. அந்த வெளிச்சத்தில் பெரியம்மாவுக்கு நம்பிக்கை கிடையாது. ஒவ்வொரு துணியையும் எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடுவார், வெயிலில் சேலை மேல் வைத்துப் பார்ப்பார், உதட்டைப் பிதுக்கிக்கொண்டு உள்ளே வருவார். ஒருமுறை மூன்று துணியோடு வாசல் படியையும் தாண்டித் தெருவுக்கே போய்விட்டார். பின்னாலேயே காவலாளி ஓடினார், அவர் பின்னால் பையன், பையன் பின்னால் நான். தெருவே நின்று வேடிக்கை பார்த்தது.

வாசலில் ஒரு பூக்கார அம்மா. காலையிலிருந்து இந்தக் கூத்தைப் பார்த்துக்கொண்டே கட்டிக்கொண்டிருந்தவர், கையை நிறுத்தாமல் கேட்டார்: "ஏன்க்கா, அதே கலர் எதுக்கு? கதம்பத்துல மல்லிக்குப் பக்கத்துல மல்லியையேவா வெச்சுக் கட்டுறேன்? கனகாம்பரத்துக்குப் பக்கத்துல மரிக்கொழுந்து வெச்சாத்தானே ரெண்டும் கண்ணுக்குத் தெரியும்!"

பெரியம்மா அப்படியே நின்றார். மூன்று சிவப்பையும் பையன் கையில் கொடுத்தார். உள்ளே போய், "தம்பி, மரிக்கொழுந்துப் பச்சை இருக்கா?" என்றார். பையன் கும்பிடாத குறை.

கல்யாணத்தில் அரக்குச் சேலையும் சாம்பல் பூத்த அந்தப் பச்சை ரவிக்கையும். என் அம்மா "பொருத்தமே இல்லை" என்று ஒரு வாரம் சொல்லிக்கொண்டிருந்துவிட்டு, அடுத்த விசேஷத்துக்கு அதையே இரவல் கேட்டார். பெரியப்பா சொன்னதுதான் எனக்குப் பிடித்தது: "கூட்டத்துல உன்னைத் தேடுற வேலை மிச்சம்."

(கைதட்டல்)

அந்தப் பூக்கார அம்மா சொன்ன விஷயத்துக்குப் பாரிஸில் ஒருவர் ஒரு பெரிய புத்தகமே எழுதினார். மிஷேல் செவ்ரல், வேதியியல் அறிஞர். கோப்லேன் என்ற புகழ்பெற்ற திரைச்சீலை நெசவாலையில் சாயப்பிரிவுக்குத் தலைவராக இருந்தார். கறுப்புச் சாயம் சரியில்லை, நீலத்துக்கும் ஊதாவுக்கும் நிழல் காட்டும் இடத்தில் வெளிறித் தெரிகிறது என்று புகார் வந்தது. அவர் சோதித்துப் பார்த்தால் சாயத்தில் குறையே இல்லை. கறுப்பின் பக்கத்தில் இருந்த நிறம்தான் அதை அப்படிக் காட்டியது. பக்கத்து நிறம் மாறினால் நம் நிறமும் மாறித் தெரியும் என்று 1839-இல் விளக்கமாக எழுதி வெளியிட்டார். 102 வயது வரை இருந்தார். நிறத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தால் ஆயுள் கூடுமோ என்னவோ.

மேட்சிங்கில் இன்னொரு கோளாறும் உண்டு. சேலை பட்டு, ரவிக்கை பருத்தி. இரண்டுக்கும் சாயம் வேறு. கடை விளக்கில் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருக்கும் இரண்டு துணி, வெயிலுக்கு வந்ததும் ஒன்று பழுப்பாகவும் இன்னொன்று ரோஸாகவும் பிரிந்து நிற்கும். பெரியம்மா வாசலுக்கு ஓடியதில் நியாயம் இருக்கிறது. அதே நிறத்தைத் தேடினால் ஒரு மண்டபத்தில் பொருந்தி அடுத்த மண்டபத்தில் காலை வாரும். அரக்கும் பச்சையுமாகப் போனால் எந்த விளக்கும் உங்களை ஒன்றும் செய்ய முடியாது.

தினசரி உடைக்குப் புதிதாக எதுவும் வாங்க வேண்டாம். பீரோவில் ஜோடியாக மடித்து வைத்திருப்பதைப் பிரித்துவிடுங்கள். கடுகு மஞ்சள் குர்தாவுக்கு வெள்ளை லெக்கிங்ஸையே எத்தனை நாள் போடுவீர்கள்? கத்தரிப்பூ ஊதாவில் ஒரு துப்பட்டா போட்டுப் பாருங்கள். சாம்பல் நிறச் சேலைக்குக் குங்குமச் சிவப்பு. காக்கிப் பச்சைக்கு வெளிர் ரோஸ். ஒரு நிறம் நிறைய இருக்கட்டும், இன்னொன்று கொஞ்சமாக எட்டிப் பார்க்கட்டும். இரண்டும் சரிபாதி நின்றால்தான் சண்டை வரும். தயக்கமாக இருந்தால் இரண்டில் ஒன்றை மங்கலாக எடுங்கள். கந்தையானாலும் கசக்கிக் கட்டு, அவ்வளவுதான்.

விசேஷ உடைக்கு வருகிறேன். அங்கே யோசிக்கும் வேலையே உங்களுக்கு இல்லை. காஞ்சிபுரத்தில் எப்போதோ யோசித்து முடித்துவிட்டார்கள். மாம்பழ மஞ்சள் உடலுக்கு அரக்குக் கரை, கிளிப்பச்சைக்கு ராணி ரோஸ், நாவல்பழ நிறத்துக்குக் கடுகு. மயில்கழுத்தை எடுத்துக்கொள்ளுங்கள், அது ஒரே சாயம் இல்லை. நீளவாட்டில் ஓடும் பாவு இழை ஒரு நிறம், குறுக்கே ஓடும் ஊடை இழை ஒரு நிறம், நடக்க நடக்க மாறும். எம்.எஸ். அம்மா பெயரிலேயே ஒரு நீலம் இன்றும் கடைகளில் விற்கிறது.

ஆனால் மாம்பழ மஞ்சளும் அரக்கும் ஒன்றில் ஒன்று கலக்காமல் நிற்பது எப்படி என்று யாராவது யோசித்தீர்களா? நான் உண்மையில் பேச வந்தது இதைத்தான்.

சாதாரணமாக நெய்தால், ஊடை இழையைச் சுமந்து போகும் நாடா ஒன்றே இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை ஓடும். உடலின் மஞ்சள் ஊடை கரைக்குள்ளும் போய்விடும். அரக்குப் பாவு, மஞ்சள் ஊடை, கரை வெளிறி ஆரஞ்சுப் பக்கம் சாய்ந்துவிடும். கரை சுத்த அரக்காக நிற்க வேண்டுமென்றால் கோர்வை போட வேண்டும். மூன்று நாடா. இந்தக் கரைக்கு ஒன்று, உடலுக்கு ஒன்று, அந்தக் கரைக்கு ஒன்று. ஒவ்வொரு இழையிலும் கரை ஊடையும் உடல் ஊடையும் ஒன்றையொன்று கோத்துக்கொண்டு திரும்ப வேண்டும். ஒருவர் கை அத்தனைக்கும் எட்டாது. பக்கத்தில் துணைக்கு ஓர் ஆள் உட்கார வேண்டும், சேலை முடியும் வரை.

முன்பெல்லாம் அந்தத் துணையாள் வீட்டுப் பிள்ளைதான். இன்று பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள். போகத்தான் வேண்டும், அதில் எனக்கு இரண்டாம் கருத்தே கிடையாது. ஆனால் அந்த இடத்தில் உட்காரும் பெரியவருக்குக் கூலி யார் தருவது? பெரும்பாலும் நெசவாளரின் மனைவி உட்காருகிறார், கூலி இல்லாமல். ஆள் கிடைக்காத வீட்டில் கோர்வையை விட்டுவிட்டு ஒரே நாடாவுக்குப் போகிறார்கள். கரை உடலின் நிறத்துக்கே வந்துவிடுகிறது. கடையில் அதை "செல்ஃப் பார்டர், இப்ப இதுதான் ட்ரெண்ட்" என்கிறார்கள். ட்ரெண்டாம்! துணைக்கு ஆள் இல்லை என்பதற்கு அப்படி ஒரு பெயர்.

காஞ்சிப் பட்டுக்கு 2005-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. சில துணி ரகங்களைக் கைத்தறியில் மட்டுமே நெய்ய வேண்டும் என்று 1985-இல் ஒதுக்கீட்டுச் சட்டம் வந்தது. 22 ரகங்களை ஒதுக்கினார்கள், இப்போது 11. இந்தக் கைத்தறி நாளே 2015-இல் சென்னையில் தொடங்கி வைத்ததுதான். எல்லாம் நல்லது. துணையாள் கூலி மட்டும் எந்தச் சீட்டிலும் தனியாகக் காணோம்.

தலைவர் துண்டுச்சீட்டு அனுப்பியிருக்கிறார். மரியாதையாக "நேரம்" என்று மட்டும் எழுதியிருக்கிறார். ஆகவே ஆண்களை இன்று விட்டுவிடுகிறேன், பிழைத்துப் போகட்டும்.

(சிரிப்பு)

மாணவிகளே, அடுத்த முறை அம்மாவோடு பட்டெடுக்கப் போனால் சேலையைத் திருப்பிப் பாருங்கள். உடலும் கரையும் சேரும் இடத்தில் விரலை வையுங்கள். கோர்வை என்றால் அங்கே பல் பல்லாக ஓர் இணைப்பு தட்டுப்படும், கரை நிறத்தில் உடல் நிறம் துளியும் கலந்திருக்காது. "கோர்வையா?" என்று வாய்விட்டுக் கேளுங்கள். பத்துப் பேர் கேட்டால் கடைக்காரர் கேட்பார், கடைக்காரர் கேட்டால் சங்கம் கேட்கும். கந்தையானாலும் கசக்கிக் கட்டலாம். ஆனால் கோர்வையைக் கூலி கொடுத்துத்தான் கட்ட வேண்டும்.

சங்கத் தலைவர் ஐயா இங்கேயே இருப்பதால் சபையில் வைத்தே கேட்டுவிடுகிறேன். உங்கள் சங்கத்தின் விலைச் சீட்டில் நெசவுக் கூலிக்குக் கீழே, துணையாள் கூலி என்று தனியாக ஒரு வரி போடுங்கள். சேலை விலை கொஞ்சம் ஏறும். எதற்கு ஏறியது என்று வாங்குபவருக்குத் தெரியட்டும். தீர்மானமாக எழுதிக் கொண்டுவந்திருக்கிறேன். கீழே இறங்கியதும் மாணவர் சங்கச் செயலாளரிடம் தருகிறேன், விருப்பமுள்ளவர்கள் கையெழுத்துப் போடுங்கள். பேனா நான் தருகிறேன். நன்றி, வணக்கம்.