குரோயிக் தேவாலயத்தின் ஜன்னல்

அவையோருக்கு வணக்கம்.

ஸ்காட்லாந்து என்றதும் எடின்பரோ கோட்டையும், பேக்பைப் வாசிப்பவரின் கட்டம் போட்ட பாவாடையும் நம் கண்முன் வரும். அதெல்லாம் இருக்கட்டும். இன்று உங்களை ஒரு சின்ன தேவாலயத்தின் ஜன்னலுக்குக் கூட்டிப்போகிறேன்.

வடக்கே, ஆர்ட்கை என்ற ஊரிலிருந்து பள்ளத்தாக்கு வழியே சுமார் 16 கிலோமீட்டர் போனால் குரோயிக் வரும். 1827இல் கட்டி முடித்த தேவாலயம். அதன் கிழக்கு ஜன்னலில் சாய்சதுரக் கண்ணாடிச் சில்லுகள் பதித்திருக்கிறார்கள். அவற்றில் கூரான எதையோ வைத்துக் கீறிய எழுத்துகள். கிளென்கால்வி மக்கள் இங்கே இருந்தார்கள், மே 24, 1845 என்கிறது ஒரு கீறல்.

யார் இவர்கள்? பக்கத்துப் பள்ளத்தாக்கில் தலைமுறை தலைமுறையாகப் பயிர் செய்தவர்கள். குத்தகை பாக்கி வைத்தவர்களும் அல்ல. ஆனால் 1746இல் கலோடன் போரில் அரசுப் படையிடம் தோற்ற பிறகு, ஸ்காட்லாந்து மலைநாட்டுக் குலத்தலைவர்கள் மெல்ல மெல்ல வெறும் நிலக்கிழார்கள் ஆகிவிட்டார்கள். மனிதர்கள் தரும் குத்தகையைவிட ஆட்டுப்பண்ணைக்காரர் தரும் குத்தகை அதிகம். காரணம் அவ்வளவுதான். 1842இல் வெளியேற்ற நோட்டீஸ் வந்தபோது, பெண்களே வழிமறித்து அதை நெருப்பில் பொசுக்கினார்கள். மூன்று வருஷம் தாக்குப்பிடித்தார்கள். அப்புறம் முடியவில்லை.

பதினெட்டுக் குடும்பங்கள், எண்பதுக்கும் மேற்பட்டவர்கள், கைக்குழந்தைகள் உட்பட, தேவாலயத்தின் கல்லறைத் தோட்டத்தில் தங்கினார்கள். கம்பளியையும் தார்ப்பாயையும் கட்டித் தொங்கவிட்டதுதான் கூரை. கதவைத் திறந்து உள்ளே போய்ப் படுக்கவில்லை; ஆண்டவன் வீட்டில் குடியிருப்பது தகாது என்று நினைத்தார்களாம். லண்டன் 'டைம்ஸ்' நிருபர் நேரில் வந்து பார்த்து எழுதினார்.

ஆங்கிலத்தில் இந்த வெளியேற்றங்களுக்குக் 'கிளியரன்ஸ்' என்று பெயர். ஏதோ மேசையைத் துடைத்தது மாதிரி! அந்த மக்களின் கேலிக் மொழியில் அது 'ஃபுவதக்': விரட்டியடிப்பு. எனக்கு அந்தச் சொல்தான் சரி என்று படுகிறது.

தாய்மொழி கேலிக். ஆனாலும் கண்ணாடியில் எழுதியது ஆங்கிலத்தில். எங்கிருந்தோ வருகிறவர்களும் படிக்கட்டும் என்றுதான் அப்படி எழுதினார்கள் என்று நான் நம்புகிறேன்.

இன்னொரு சில்லில் இருப்பதைச் சொல்லும்போது எனக்குத் தொண்டை அடைக்கிறது. 'கிளென்கால்வி மக்கள், பொல்லாத தலைமுறை.' துரத்தியவனைத் திட்டவில்லை; அவன் காரியஸ்தரைத் திட்டவில்லை. நாம் செய்த பாவம்தான் நம்மை வீட்டைவிட்டு இறக்கியது என்று தங்களையே நொந்துகொண்டார்கள். வீட்டைப் பறிகொடுத்தவர் தலையிலேயே பழியையும் ஏற்றியதே, அந்த அநியாயத்தை என்னால் ஆற்றிக்கொள்ள முடியவில்லை.

கீறல்கள் கண்ணாடியின் வெளிப்பக்கம் இருக்கின்றன. அவர்கள் வெளியேதானே இருந்தார்கள்! அவற்றை நேராகப் படிக்க வேண்டுமானால் நாமும் வெளியே வந்து, அவர்கள் படுத்திருந்த அதே புல்தரையில்தான் நிற்க வேண்டும்.