ஆத்தங்குடித் தரையும் பிள்ளைகளின் பல்லும்

நேயர்களுக்கு வணக்கம். நம் செட்டிநாட்டுப் பக்கத்து வீடுகளில் ஆத்தங்குடிக் கல் பதித்த தரையை ஆசிட் ஊற்றிக் கழுவ எந்த ஆச்சியும் விடமாட்டார்கள். ஊற்றினால் மினுமினுப்புப் போய்க் கல் சொரசொரத்துவிடும். இந்த விவரம் பேரப்பிள்ளையின் பல் விஷயத்தில் மட்டும் எங்கே போகிறதோ தெரியவில்லை.

பல்லின் மேற்பூச்சுக்கு எனாமல் என்று பெயர். உடம்பிலேயே கடினமான பொருள் அதுதான். நூற்றுக்கு 96 பங்கு தாது உப்பு. ஆனால் எலும்பு முறிந்தால் கூடும், எனாமல் போனால் போனதுதான். அதை உண்டாக்கும் செல்கள் பல் முளைக்கும்போதே அழிந்துவிடுகின்றன. பால் பல்லில் இந்தப் பூச்சு நிலைப்பல்லில் இருப்பதில் ஏறக்குறைய பாதிக் கனம்தான்.

ஒன்பது வயதுப் பையனை அவன் அப்பத்தா கூட்டிவந்தார்கள். "ரெண்டு வேளையும் நல்லா அழுத்தித் தேய்க்கிறான் டாக்டர், அப்பவும் கூசுதுங்கிறான்." மேல் முன்பற்களின் விளிம்பு கண்ணாடி மாதிரித் தெரிந்தது. விசாரித்தால், பள்ளிக்கூடத்துக்குத் தண்ணீருக்குப் பதில் எலுமிச்சை ஜூஸ். நாள் முழுக்க ஒவ்வொரு மடக்காகக் குடிக்கிறான். வீட்டுக்கு வந்து மிச்சத்தையும் குடித்த கையோடு பல் தேய்க்கிறான். பாவம், ஒழுங்கான பிள்ளை!

அமிலம் ஏற ஏற இறங்கும் அளவுக்கு பி.எச். என்று பெயர்; வாயில் அது 5.5-க்குக் கீழே இறங்கினால் எனாமல் கரையத் தொடங்கும். எச்சில் அதைச் சரிசெய்ய அரை மணி, ஒரு மணி நேரம் ஆகும். மடக்கு மடக்காகக் குடித்தால் எச்சிலுக்கு அவகாசம் ஏது? கலர், சோடா, புளியங்காய் எல்லாம் இதே கதைதான். குடித்தால் ஒரே மூச்சில் குடித்து, தண்ணீரில் கொப்பளிக்கட்டும். இளகிய எனாமலை உடனே தேய்த்தால் அதுவும் பிரஷ்ஷோடு வந்துவிடும். அரை மணி நேரமாவது பொறுக்க வேண்டும்.

சீயம், கந்தரப்பம் மாதிரி இனிப்புப் பலகாரங்களை நான் தடுக்கவில்லை, தடுத்தால் ஊருக்குள் இருக்க முடியாது! சாப்பாட்டோடு தின்னட்டும், இடையிடையே கொறிப்பதுதான் வம்பு. கரித்தூள், செங்கல்தூள் வேண்டாம். ஃப்ளோரைடு பேஸ்ட், மூன்று வயதுக்குள் அரிசி அளவு, ஆறு வரை பட்டாணி அளவு போதும். இரவு தேய்த்தபின் தண்ணீர் மட்டும்தான்.

ஆறு வயதில் ஒரு கடைவாய்ப் பல், எந்தப் பல்லும் விழாமலே பின்னால் முளைக்கும். பால் பல் என்று நினைத்து விட்டுவிடுகிறோம்; அது ஆயுசுக்கும் இருக்க வேண்டிய பல். இன்றிரவு டார்ச் அடித்துப் பாருங்கள், நடுவிலிருந்து எண்ணினால் ஆறாவதாக நிற்கும்.