சின்னத்தை மறைத்து மார்க் போடுங்க

வணக்கமுங்க. தேர்தல் வந்தால் அப்பாரு ஒரு கட்சி, பேரன் ஒரு கட்சி என்று பிரிந்து நிற்கிற வீடுகள் நம்ம பக்கம் நிறைய. சண்டைக்கு முன்னால் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள்: பேசுவது எந்த ஓட்டைப் பற்றி?

2019 டிசம்பரில் நடந்த ஊரக உள்ளாட்சித் தேர்தலில் ஆளுக்கு நாலு வாக்குச்சீட்டு. ஊராட்சி வார்டு உறுப்பினர், தலைவர் சீட்டுகளில் கட்சிச் சின்னம் கிடையாது. பூட்டு சாவி, ஆட்டோ மாதிரிப் பொதுச் சின்னங்கள்தான். ஒன்றியக் கவுன்சிலருக்குப் பச்சை, மாவட்டக் கவுன்சிலருக்கு மஞ்சள். இரண்டிலும் கட்சிச் சின்னம் உண்டு. தலைவருக்கான இளஞ்சிவப்புச் சீட்டில், 'குடிதண்ணி மோட்டார் ஓடலைன்னா இவன் போன் எடுப்பானா' என்று யோசித்துக் குத்துகிறவர், பச்சைச் சீட்டை விரித்ததும் ஆளின் பெயரைக்கூடப் படிப்பதில்லை.

சின்னம் பார்ப்பது தப்பென்று சொல்ல மாட்டேன். 1985-ல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டப்படி, சபையில் எப்படி ஓட்டுப் போடணும் என்று கட்சி சார்பில் சொல்கிற கொறடாவின் உத்தரவை மீறி ஓட்டுப் போட்டால் எம்.எல்.ஏ. பதவியே பறிபோகலாம். ஆள் எவ்வளவு தங்கமானவரானாலும் சபையில் கட்சி சொல்கிற பக்கம்தான் நிற்பார். அங்கே கட்சியைப் பார்ப்பது சரியான கணக்கு. 1996-ல் மொடக்குறிச்சித் தொகுதியில் 1,033 பேர் நின்று, வாக்குச்சீட்டே புத்தகமாகிப் போனதே, அதில் சின்னம் இல்லாமல் யார் யாரைக் கண்டுபிடிப்பது! ஆனால் ஊராட்சித் தலைவருக்குக் கொறடா இல்லை. 'அவன் அந்தக் கட்சிக்காரன்' என்று அங்கே ஒரு நல்ல ஆளைத் தள்ளினால் நட்டம் ஊருக்குத்தான்.

அத்திக்கடவு–அவிநாசித் திட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பவானியின் உபரி நீரை 1,045 குளம் குட்டைகளுக்கு ஏற்றுகிற திட்டம். 2019-ல் அதிமுக ஆட்சியில் அடிக்கல்; 2024-ல் திமுக ஆட்சியில் திறப்பு. வீட்டில் பேச்சு 'யார் கொண்டுவந்தது' என்பதிலேயே நின்றுவிடுகிறது. நம்ம குட்டைக்குத் தண்ணி வந்துச்சா என்று கேட்க ஆளில்லை.

ஒரு சோதனை செய்து பாருங்கள். இரண்டு கட்சிகளின் தேர்தல் அறிக்கைகளிலிருந்து விசைத்தறி மின்சாரம், பால் கொள்முதல் விலை, பாசனம் பற்றித் தலா மூன்று வாக்குறுதிகள், ஆறு துண்டுச் சீட்டில். கட்சிப் பெயர், தலைவர் பெயர், தலைவர் பெயர் தாங்கிய திட்டப் பெயர் எல்லாவற்றையும் நீக்கிவிட வேண்டும். 'தொடரும்', 'மேலும் உயர்த்தப்படும்' என்ற சொற்களும் ஆளுங்கட்சியைக் காட்டிக்கொடுக்கும், அவற்றையும் எடுங்கள். எழுதுகிறவர் தன் கட்சியின் நல்லதையே பொறுக்குவார் என்பதால், ஓட்டு வயது வராத பிள்ளை எழுதட்டும். குலுக்கிப் போட்டு, ஒவ்வொருவரும் தனித்தனியே பத்துக்கு மார்க். பெரியவர் முதலில் வாய்விட்டுச் சொல்லிவிட்டால் மருமகள் மார்க் தானாக அந்தப் பக்கம் சாயும். ஆகவே எழுதி மடித்து வைக்கணும்.

பிறகு கட்சியைச் சொல்லுங்கள். மார்க்கை மாற்றத் தோன்றினால் பழையதை அடிக்காமல் பக்கத்தில் புதியதை எழுதுங்கள். எட்டு மூன்றானால், அந்த ஐந்து மார்க் சின்னத்துக்குப் போட்டது. பிரசாரத்தின் கடைசி வாரத்தில் இது வேலைக்காகாதுங்க. அதற்குள் அறிக்கை முழுக்க டிவி பார்த்தே எல்லாருக்கும் மனப்பாடமாகியிருக்கும்.